கேட்டால்தான் துடக்கு

இந்தா, கையைக் காட்டுகிறார். நானும் காட்டுகிறேன். மேடையில் பின்வரிசையில், தன்னைவிடப் பருத்த மேளத்துக்குப் பின்னால் நீலத் தொப்பியோடு நிற்கிற அந்தக் கறுத்த மனிசன் என் வீட்டுக்காரர். குகதாசன், வயது எழுபத்திரண்டு, லண்டன் தபால் கந்தோரில் முப்பத்தொரு வருசம் கடிதம் தரம்பிரித்தவர், இப்போது மால்டாத் தீவில் ஒரு சின்ன ஊரின் பாண்ட் குழுவில் பெரிய மேளம் அடிக்கப்போகிறவர். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவருடைய தமையன் செத்த செய்தி வந்து பதினொரு மணித்தியாலம் ஆகிறது. அது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மூன்றாவது வரிசையில் பிளாஸ்டிக் கதிரையில் இருக்கிறேன், மடியில் கைப்பை, அதற்குள் சத்தத்தை நிற்பாட்டி வைத்த போன். ஓகஸ்ட் மாதத்து ஆறரை மணி வெயில் இன்னும் இறங்கவில்லை. கோயில் சுவரில் பட்டுத் திரும்பி முகத்தில் அடிக்கிறது. தெருவுக்குக் குறுக்கே சிவப்புப் பட்டுத் துணிகள் தொங்குகின்றன, பல்கனிகளில் பிள்ளைகள் கிழித்த கடதாசியைக் கூடை கூடையாக வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். எவ்வளவு வடிவான நாள் என்று நினைக்கிறேன், நினைத்ததற்காக என்மேலேயே எரிச்சல் வருகிறது, எரிச்சலுக்குப் பிறகும் நாள் வடிவாகத்தான் இருக்கிறது. கதிரை சுடுகிறது. ஒரு துவாய் கொண்டுவந்திருக்கலாம்.

காலையில் போன் அடித்தபோது இவர் குளியலறையில் சவரம் செய்துகொண்டிருந்தார், வாயால் மேளம் அடித்துக்கொண்டு. டும், டும், டுடும். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஆடாதையுங்கோ என்று சத்தம்போட்டபடிதான் எடுத்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து பிரதீபன், இவருடைய தமையன் பெரியத்தானின் மகன். "சித்தி, அப்பா செத்துப்போனார்" என்றான். "காலமை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தவர், கோப்பையைக் கீழ வைச்சிட்டுச் சரிஞ்சிட்டார். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே முடிஞ்சுது." நான் குசினியில் நிலத்தில் இருந்துவிட்டேன். இருந்தேன் என்பதே பிறகுதான் தெரிந்தது, முழங்கால் நொந்தபோது. "சித்தப்பாட்டைக் குடுங்கோ சித்தி" என்றான். "அவர் குளிக்கிறார் அப்பு. நான் சொல்லுறன்." "நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கிறம். வீடியோவில காட்டுவம், பாக்கச்சொல்லுங்கோ. அப்பாவோட கோவம் எண்டாலும் பரவாயில்லை, முகத்தை மட்டும் பாக்கட்டும்." நான் சொல்லுறன் என்று திரும்பவும் சொன்னேன். எப்போது சொல்கிறேன் என்று சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. யார் அது என்று உள்ளேயிருந்து இவர் கேட்டார். கண் ஆசுபத்திரியில் இருந்து, என்ர தேதியை மாத்தியிருக்கினமாம் என்று என் வாய் சொன்னது. யோசித்துச் சொல்லவில்லை. ஐம்பது வருசம் குடும்பம் நடத்தினால் இப்படிப் பொய்களெல்லாம் வாயிலேயே தயாராக இருக்கும்போல. அவர் வெளியே வந்து, கன்னத்தில் சவர்க்கார நுரையோடு, உடுப்பு அழுத்தினீரோ என்று கேட்டார். அழுத்தியிருந்தேன். முதல்நாளே அழுத்தி, கதவில் கொளுவி, பொத்தான்களை எண்ணெய்த் துணியால் துடைத்தும் வைத்திருந்தேன். மூன்று வருசம் இந்தக் குழுவில் இசைத்தாள் வைக்கிற கம்பிகளைச் சுமந்த மனிசன். பழைய மேளக்காரர் மகளோடு ஒஸ்ரேலியாவுக்குப் போனதால் இந்த வருசம்தான் இவருக்கு இடம் கிடைத்தது. அந்த உடுப்பைப் பார்த்தபடி நான் எப்படிச் சொல்வது.

நாளைக்குப் பத்து மணி என்றால் இங்கே விடிய ஆறரை. இன்றைக்கு எந்தப் பிளேனில் ஏறினாலும் போய்ச் சேரமுடியாது, ஏழரைக்கே கணக்குப் பார்த்துவிட்டேன், எட்டு மணிக்கு இன்னொருமுறை பார்த்தேன், அவர் கோப்பி குடிக்கும்போது மூன்றாம்முறை. போகமுடியாது. அப்படியென்றால் காலையில் சொன்னால் என்ன, இரவில் சொன்னால் என்ன. செத்தவர் செத்தவர்தான். இது நியாயம் மாதிரி இருக்கிறது. நியாயம்தானா என்று திருப்பிப் பார்க்கும்போது ஒரு இடத்தில் மாட்டுகிறது, அந்த இடத்துக்கு நான் போகமாட்டேன். வேறு பக்கமாக யோசிக்கிறேன். துடக்கு. செத்தவீட்டுத் துடக்கு எங்களுக்கு முப்பத்தொரு நாள். கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை, மேளத்தைத் தொடுகிற கதையே இல்லை. ஆனால் அதில் ஒரு சின்ன வழி விட்டிருக்கிறார்கள். கேள்விப்பட்ட நேரத்திலிருந்துதான் துடக்குத் தொடங்கும். காதில் விழாதவரைக்கும் அந்த மனிசன் சுத்தம். ஐயரே சொன்னது. எப்போது சொன்னார், யாருக்குச் சொன்னார், அதையும் இப்போது யோசிக்கமாட்டேன். ஆகவே மேடையில் நிற்கிற குகதாசன் சுத்தம், கீழே கதிரையில் இருக்கிற சறோஜினிதேவிக்குத்தான் துடக்கு. ஒரே வீட்டில் ஒரு ஆளுக்குத் துடக்கு, ஒரு ஆளுக்கு இல்லை. காலையில் சாமி விளக்கு ஏற்றவில்லை. ஏன் ஏற்றேல்லை என்று கேட்டார், திரி முடிந்துபோச்சு என்றேன். கேட்டதை எல்லாம் நம்புகிற மனிசனிடம் பொய் சொல்வது பாவம், அதைவிடச் சுகமும் வேறில்லை.

"சாரா, இதைக் கொஞ்சம் பிடி." பக்கத்துக் கதிரை மவுரீன். சறோ என்று மூன்று வருசமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், சாராதான் வருகிறது. லீட்ஸில் நேர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, மூட்டுவலிக்கு வெயில் தேடி வந்தவள். இந்த முன்வரிசைகள் முழுவதும் எங்களைப் போன்ற பென்சன் கூட்டம்தான், ஆளுக்கொரு வைக்கோல் தொப்பி, ஆளுக்கொரு முழங்கால். அவள் நீட்டுவது ஒரு பூக்கூடை. மாதாவின் சொரூபம் கோயிலைவிட்டு வெளியே வரும்போது போடவேண்டிய பூ. எனக்குக் கை நீளவில்லை. துடக்கோடு சாமிப் பூவைத் தொடுவதா. "தோள் நோகுது மவுரீன்" என்கிறேன். "தோள் எதற்கு? மடியில் வைத்தால் போதும்" என்று தூக்கி மடியிலேயே வைத்துவிட்டாள். முன்னாள் நேர்ஸ், நோயாளி சொல்வதைக் கேட்டுப் பழக்கமில்லை. இப்போது என் கைப்பைக்கு மேல் மாதாவின் பூ. இந்த மாதாவுக்குத் துடக்கு உண்டோ இல்லையோ. எங்கள் நாட்டில் மடுக் கோயிலில் இருக்கிறவவும் இவவும் ஒரு ஆள்தானே, அங்கேயும் இதே ஓகஸ்ட் பதினைந்துதான் திருவிழா, நாங்கள் சைவக்காரரும் வரிசையில் நின்று கும்பிட்டிருக்கிறோம். தாயே, நான் தொடவில்லை, இவள்தான் வைத்தாள். மவுரீன் போன வருசம் புருசனை அடக்கிய அன்றைக்குப் பின்னேரமே இந்தச் சதுக்கத்தில் அவருக்குப் பிடித்த பாட்டைப் போடச்சொல்லி, அழுதுகொண்டே ஆடினாள். நான் வீட்டுக்குப் போய் இவரிடம் அதைச் சொல்லி, இதென்ன பழக்கமப்பா என்று வாயில் கைவைத்தேன். இவர் மட்டும், பாவம், அவளுக்கு அதுதான் முடிஞ்சுது என்றார். இன்றைக்கு நான் செய்வதை மவுரீனிடம் சொன்னால் அவள் வாயில் கைவைப்பாள்.

டமார். கதிரையோடு ஒரு துள்ளுத் துள்ளுகிறேன். திருவிழா வெடி. வயல் பக்கத்திலிருந்து பகலிலேயே மேலே ஏற்றி வெடிக்கவைப்பார்கள், வெளிச்சம் கிடையாது, சத்தம் மட்டும்தான், வானத்தில் ஒரு சாம்பல் நிறப் புகைப் பொட்டு. நாங்கள் வந்த முதல் வருசம், பெட்டிகள்கூடப் பிரிக்கவில்லை, இந்தச் சத்தம் கேட்டு இரண்டு பேரும் மேசைக்குக் கீழே போய்விட்டோம். அறுபத்தொன்பது வயதில் அவர், அறுபத்தாறில் நான், சமையல் மேசைக்குக் கீழே கைபிடித்துக்கொண்டு. ஒருத்தரும் ஒருத்தருக்கும் சொல்லவில்லை, கால்கள் தானாகப் போயின. நாட்டைவிட்டு வந்து எத்தனை வருசம், கால்களுக்கு அது தெரியாது. பிறகு ஒரு கிழவி கதவைத் தட்டிக் கேக் தந்தாள், திருவிழா வாழ்த்து என்று. அன்றைக்குச் சிரித்த சிரிப்பு. இவர் மேசைக்குக் கீழேயே படுத்துக்கிடந்து சிரித்தார், கடைசியில் என்னால் அவரை வெளியே இழுக்கமுடியவில்லை. இப்போது அடுத்த வெடிக்கு இவர் மேடையிலிருந்து என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார். பயப்படாதையும், வெடிதான், என்று அர்த்தம். நான் பயப்படுவது எதற்கென்று அவருக்கு எப்படித் தெரியும். இந்த முகம் இன்றைக்கு ராத்திரி மாறப்போகிறது. ஒன்பது வருசத்துக்கு முன்னால் ஒருநாள் மாறின மாதிரி. அந்த முகத்தை நான் இன்னொருமுறை பார்க்கவேண்டும், அதுவும் இந்தமுறை அது என் பக்கம் திரும்பும்.

கார்மெனு கையைத் தூக்குகிறார். பாண்ட் தலைவர், பேக்கரிக்காரர், வெள்ளைக் கையுறை போட்டதும் ராசாவாகிவிடுவார். சதுக்கம் அடங்குகிறது. பித்தளை எல்லாம் ஒன்றாக எழும்புகிறது, அடியில் இவருடைய மேளம். டும். என் நெஞ்சுக்குள் கேட்கிறது. உண்மையாகவே நெஞ்சுக்குள், கதிரையின் காலால் ஏறி, பூக்கூடையை நடுக்கி. போனை எடுத்து வீடியோ பிடிக்கிறேன், எடு எடு என்று காலையிலிருந்து பத்துமுறை சொல்லியிருக்கிறார். சின்னத் திரைக்குள் சின்னக் குகதாசன், உதடு மடித்து, கண்ணைக் கார்மெனுவில் வைத்து, வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக எதையும் செய்தது கிடையாது. எங்களுடைய கலியாணத்தில் தாலி கட்டும்போதுகூட இவ்வளவு கவனம் இல்லை, முதல் முடிச்சே வழுகியது. கலியாணம். அங்கேதான் போய் நிற்கும் என்று தெரியும். எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் மனம் அந்த மண்டபத்து வாசலிலேயே என்னைக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. மகன் நிரோசனின் கலியாணம், லண்டனில், ஒரு சனிக்கிழமை. வியாழக்கிழமை இரவு யாழ்ப்பாணத்தில் மாமி காலமானா, இவருடைய அம்மா, எண்பத்தெட்டு வயது. செய்தி இவருக்குப் போனால் மாப்பிள்ளையின் தகப்பனுக்குத் துடக்கு, மாப்பிள்ளைக்கும் துடக்கு, மணவறை போட்டபடி நிற்க, நானூறு பேருக்குச் சொன்ன கலியாணம் நின்றுபோகும். பெரியத்தான் சொல்லவில்லை. சனிக்கிழமை இங்கே தாலி ஏறும்போது அங்கே அவர் தனியாக நின்று தாய்க்குக் கொள்ளி வைத்தார். ஞாயிற்றுக்கிழமைதான் போன் எடுத்துச் சொன்னார். "அம்மா செத்துக்கிடக்க நான் பட்டுவேட்டியோட பல்லிளிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறன்" என்று இவர் போனில் கத்தினார். "எனக்கு அம்மாவும் இல்லை, இனி அண்ணனும் இல்லை." போனை வைத்தார். வைத்ததுதான். கலியாண அல்பத்தை இன்றுவரை திறக்கவில்லை. மறைத்தவர் பெரியத்தான், கோபித்தவர் இவர், நடுவில் நான் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்தேன். உலகத்துக்குத் தெரிந்த கதை இது.

இரண்டாவது பாட்டு. இது மெதுவான ஒன்று, குழல்கள் மட்டும், மேளத்துக்கு வேலை குறைவு, இவர் தடியை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். வெயில் கோயில் மணிக்கூண்டுக்குப் பின்னால் போய்விட்டது, நிழல் முதல் வரிசைவரைக்கும் வந்திருக்கிறது. உலகத்துக்குத் தெரிந்த கதையில் ஒரு ஆள் குறைகிறது. அந்த வெள்ளிக்கிழமை காலை இவர் பூமாலைகளை எடுக்கப் போயிருந்தார். போன் வந்தது வீட்டுக்கு. எடுத்தவள் நான். "சறோ, அம்மா போட்டா" என்றார் பெரியத்தான். "நான் ஐயரைக் கேட்டனான். கேள்விப்பட்டாத்தான் துடக்காம். தம்பிக்குச் சொல்லுறதோ விடுறதோ, நீ சொல்லு. உன்ர பிள்ளையின்ர கலியாணம்." நான் ஒரு நிமிசம்கூட எடுக்கவில்லை. சொல்லவேண்டாம் என்றேன். மருதாணி காயாத கையால் போனைப் பிடித்துக்கொண்டு, சொல்லவேண்டாம் அத்தான், ஞாயிற்றுக்கிழமை சொல்லுவம் என்றேன். முடிவு என்னுடையது. அடுத்த நாள் நாரி நோகுது, குனியேலாது என்று நடித்து, நிறைகுடம் விளக்கு ஒன்றையும் தொடாமல் தங்கச்சியைக்கொண்டு எல்லாம் செய்வித்தேன். அந்த அல்பத்தை இவர் ஒருநாள் திறந்து பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பார், எல்லாப் படத்திலும் என் கைகள் மடித்தபடி. நான்தான் என்று ஞாயிற்றுக்கிழமையே சொல்லத்தான் இருந்தேன். இவர் கத்திக்கொண்டிருந்தபோது தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன். அன்றிரவு இவருக்கு ஒளித்துப் பெரியத்தானுக்குப் போன் எடுத்தேன். "விடு பிள்ளை" என்றார். "அவன் என்னை ஏசட்டும். நான் தூரத்தில இருக்கிறன். நீ அவனோட ஒரே வீட்டில இருக்கவேணும்." ஒன்பது வருசம். இரண்டு முறை சொல்ல வெளிக்கிட்டு, இரண்டு முறையும் சோறு போட்டுக்கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். தைரியம் இல்லாதவள் என்றால் சும்மா பயந்தவள் என்று நினைப்பார்கள். நான் சுகமாக இருந்தவள், அதுதான் வெட்கம். அந்த மனிசனின் பெயரைக் கெடுத்துவிட்டு அதன் நிழலில் நன்றாக இருந்தேன்.

இங்கே வந்த பிறகு வெள்ளிக்கிழமைகளில் பெரியத்தானோடு கதைப்பேன். இவர் ஏழு மணிக்குப் பயிற்சிக்குப் போனால் ஒன்பது மணிக்குத்தான் வருவார். இங்கே ஏழு என்றால் அங்கே பத்தரை, பெரியத்தான் நித்திரைகொள்ளாமல் காத்திருப்பார். லண்டனில் இருந்தபோதும் வெள்ளிதான், அப்போது கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கோயில் வாசலில் நின்று கதைப்பேன். பெரிய விசயம் ஒன்றும் கதைத்ததில்லை. மழை, மருந்து, தோசைமா புளிக்காதது. இந்தமுறை வெள்ளி வரும்போது என்ன செய்வேன். பதினொரு மணித்தியாலமாக இவருடைய துக்கத்துக்குக் காவல் இருந்தேனே தவிர என் துக்கத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் ஒருத்தர் செத்துப்போனார். பூவில் தண்ணீர் விழுகிறது. மவுரீன் திரும்பிப் பார்த்து, "அழகாக வாசிக்கிறார், இல்லையா? நானும் இந்த இடத்தில் அழுவேன்" என்று என் கையைத் தட்டுகிறாள். ஓம் என்கிறேன். அழுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை, ஒருவரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

மூன்றாவது வேகமான மார்ச். பல்கனிகளிலிருந்து கடதாசி மழை. இவர் அடிக்கிறார், தோள் முழுவதும் சேர்ந்து, தொப்பி பின்னால் சரிந்து, நான் பார்த்தேயிராத ஒரு ஆளாக. இதைத்தான் நான் காப்பாற்றினேன். இந்த ஒரு மணித்தியாலத்தை. யாருக்காகக் காப்பாற்றினேன் என்று கேட்டால் அவருக்காக என்று சொல்வேன். அன்றைக்கும் பிள்ளைக்காக என்றுதான் சொன்னேன். எல்லாம் முடிந்து, சொரூபம் திரும்பிக் கோயிலுக்குள் போய், வீட்டுக்கு நடந்து, அவர் சப்பாத்தைக் கழற்றி, ஒரு வாய் சாப்பிட்ட பிறகு சொல்லலாம். செத்த செய்தியை மட்டும் சொல்லலாம். மற்றது, பழையது, அதை இனி யார் கேட்கப்போகிறார்கள். தெரிந்தவர் இரண்டு பேர், ஒருத்தர் போய்விட்டார். நான் வாயைத் திறக்காவிட்டால் அது முடிந்துவிட்டது. எவ்வளவு இலேசாக வருகிறது இந்த யோசனை. பெரியத்தானின் உடம்பு இன்னும் வீட்டில் கிடக்கிறது, அதற்குள் நான் தப்பிவிட்டேன் என்று ஒரு மூலையில் ஒரு சந்தோசம். சீ. சறோ, நீயும் ஒரு மனிசியோ. கைதட்டல். இருபது நிமிச இடைவேளை என்று கார்மெனு அறிவிக்கிறார், பிறகு மாதா வெளியே வருவா, பாண்ட் முன்னால் போகும்.

இவர் மேடைப் படியால் இறங்கி நேராக வருகிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது, தலைமயிரில் மஞ்சளும் நீலமுமாகக் கடதாசித் துண்டுகள். "எப்பிடி?" என்று கேட்டுக்கொண்டே மவுரீன் நீட்டிய தண்ணீர்ப் போத்தலை வாங்கிக் குடிக்கிறார். மவுரீன் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டு ஐஸ்கிறீம் வாங்கப் போகிறாள். அவளுடைய கதிரையில் இருக்கிறார். மூச்சு வாங்குகிறது. சதுக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"வீடியோ எடுத்தனீரோ?"

"எடுத்தனான்."

"முழுக்கவோ?"

"முழுக்க."

அவர் போத்தல் மூடியைத் திருகித் திறக்கிறார், திருகி மூடுகிறார். "அதை…" என்கிறார். "அதைப் பிரதீபனுக்கு அனுப்பிவிடும்." பிறகு என்னைப் பார்க்காமல், "அவன் தேப்பனுக்குக் காட்டுவான்தானே" என்கிறார்.

ஒன்பது வருசத்தில் முதல்முறை. தேப்பன் என்றார், அண்ணா என்று சொல்ல வாய் வரவில்லை, ஆனால் தமையனின் கதை வந்துவிட்டது. வேறு எந்த நாளாவது வந்திருக்கக்கூடாதா. நேற்று வந்திருக்கக்கூடாதா. இனி ஒன்றையும் தள்ளிப்போட இடமில்லை. அனுப்புகிறேன் என்று நான் சொன்னால் அது பொய்யில்லை, அதைவிடக் கேவலமான ஒன்று. பூக்கூடையைத் தூக்கி நிலத்தில் வைக்கிறேன்.

"இஞ்சருங்கோ. பெரியத்தான் காலமை மோசம் போட்டார். பிரதீபன் ஏழரைக்கு எடுத்தவன்."

அவர் போத்தலைப் பார்க்கிறார். "இண்டைக்கோ?"

"இண்டைக்கு. நீங்கள் சவரம் செய்யேக்க. நான்தான் சொல்லேல்லை." நிற்கக்கூடாது, நின்றால் திரும்பவும் சோறு போட்டுக்கொடுக்கப் போய்விடுவேன். "மாமியின்ர செய்தியையும் நான்தான் மறைக்கச் சொன்னனான். அவர் எனக்கு வெள்ளிக்கிழமையே சொல்லிப்போட்டார். என்ன செய்வம் எண்டு கேட்டவர். சொல்லவேண்டாம் எண்டது நான். பழியை அவர் எடுத்தவர்."

அந்த முகம் வருகிறது. வரும் என்று நினைத்த முகம்தான், என் பக்கம் திரும்புகிறது. நான் குனியவில்லை. எங்களைச் சுற்றிக் கதிரைகள் இழுபடுகிற சத்தம், பிள்ளைகள், யாரோ குழலில் ஒரு சுரத்தைத் திரும்பத் திரும்ப ஊதிப் பார்க்கிறார்கள். ஒரு வெடி. இரண்டு பேரும் அசையவில்லை.

"ஒன்பது வருசம்" என்கிறார். "ஒரு நாளும் அவர் உம்மட பேரைச் சொல்லேல்லை."

"இல்லை."

"நான் கேட்ட கேள்வியெல்லாம்… நான் அவரை என்னெண்டெல்லாம் பேசினனான். வாயைத் திறந்து ஒருக்கா, சறோவைக் கேள் எண்டு சொல்லியிருக்கலாம்."

"சொல்லமாட்டன் எண்டவர்."

"நீர் சொல்லியிருக்கலாம்."

"ஓம்."

மன்னியுங்கோ என்று கேட்கலாம், கேட்டால் அவர் அதற்கு ஒரு பதில் சொல்லவேண்டியிருக்கும், அந்தப் பாரத்தையும் அவர் தலையில் ஏற்றக்கூடாது. கோயில் மணி அடிக்கிறது. கார்மெனு மேடையிலிருந்து கையசைக்கிறார், தாஸ், தாஸ். இவர் எழும்பவில்லை. கையைத் தூக்கி இல்லை என்று காட்டுகிறார், நெஞ்சில் கைவைத்து ஏதோ ஒரு மாதிரிக் காட்டுகிறார். பேக்கரிக்காரருக்கு என்ன விளங்கியதோ, தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்துவிட்டு, மேளத் தடியை ஒரு வாலிபனிடம் கொடுக்கிறார். இவருக்குத் துடக்குத் தொடங்கிவிட்டது. மூன்று வருசம் காத்திருந்த ஊர்வலம் இவர் இல்லாமல் புறப்படுகிறது. எழும்பி என்னைத் தனியே விட்டுவிட்டுப் போவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். போனால் பின்னால் போகமாட்டேன், இந்தக் கதிரையிலேயே இருப்பேன், அதுவும் நியாயம்தான். அவர் போகவில்லை. தலையிலிருந்த தொப்பியை எடுத்து முழங்காலில் வைத்திருக்கிறார். கண் நிரம்பி வழிகிறது, துடைக்கவில்லை. மேளம் எங்களைக் கடந்து தெருவுக்குள் திரும்புகிறது.

"அவரோட கதைக்கிறனீர்தானே" என்கிறார். கேள்வி இல்லை. கோபம் குரலில் அப்படியே இருக்கிறது.

"வெள்ளிக்கிழமையளில. நீங்கள் பயிற்சிக்குப் போன உடன."

"ஒவ்வொரு வெள்ளியுமோ?"

"ஒவ்வொரு வெள்ளியும்."

"போன வெள்ளி என்ன சொன்னவர்?"

"நீங்கள் திருவிழாவில மேளம் அடிக்கப்போறியள் எண்டு சொன்னனான். சிரிச்சவர். அவன் சின்னனிலயிருந்தே அவசரக்காரன், மெதுவாய் அடிக்கச்சொல்லு எண்டவர்."

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து இருமலாகப் போய்விடுகிறது. நான் முதுகைத் தடவக் கையெடுக்கிறேன், அவர் தோளை நகர்த்திக்கொள்கிறார். கையைத் திரும்ப மடியில் வைக்கிறேன். ஊர்வலத்தின் சத்தம் தூரமாகிவிட்டது, சதுக்கத்தில் நாங்களும் வெறுங்கதிரைகளும்தான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்கிறார்.

"அதுக்கு முதல் வெள்ளி?"